காமிக்ஸ் படமாகும்போது அந்த வட்டம் எங்கே போகிறது?

களுவாஞ்சிக்குடியில் இருக்கும் அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் போன கிழமை முழுக்க ஒரே விசயத்துக்காக அடிபட்டிருக்கிறார்கள். மருமகன் சொல்வது: சூப்பர் ஹீரோ காமிக்ஸில் இருப்பதெல்லாம் படத்தில் இன்னும் பெரிதாக, இன்னும் நன்றாக வந்துவிட்டது, இனிப் புத்தகம் எதற்கு? மருமகள் சொல்வது: ஒரு படமாவது புத்தகத்தை ஒழுங்காக எடுக்கவில்லை, கதையை மாற்றி மாற்றியே கெடுத்துவிட்டார்கள். கடைசியில், "மாமா, நீங்களே சொல்லுங்க, காமிக்ஸைப் படமாக்க ஏலுமா, ஏலாதா?" என்று எனக்குக் குரல் பதிவு வந்தது. கூடவே இன்னொரு கேள்வி: கடைசித் தம்பிக்குப் பத்து வயது, அவனுக்கு முதலில் எதைக் கொடுப்பது?

ஏலும். நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் கதையைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கதை அப்படியே வந்ததா, மாறியதா என்பதை வைத்து ஒரு படத்தை அளந்தால் பிழையான இடத்தில்தான் போய் நிற்போம். கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் காமிக்ஸ் அறிமுகமானது என் மாமாவின் தகரப்பெட்டியில். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் இதழ்கள், கறுப்பு வெள்ளையில், ஓரமெல்லாம் கரையான் தின்றவை. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே ‘இரும்புக்கை மாயாவி’யோடுதான். பிரித்தானிய இதழொன்றில் 1962இல் வந்த கதை அது. லூயிஸ் கிராண்டேல் என்பவனுக்கு ஒரு கையில்லை, இரும்புக் கை பூட்டியிருக்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து, அந்தக் கை மட்டும் தெரியும். எங்கள் பெட்டியிலிருந்த இதழ் ஒன்றில் நடுவில் ஒரு தாள் இல்லை. தாளுக்கு முன்னால் மாயாவியை ஓர் அறைக்குள் பூட்டுகிறார்கள். தாளுக்குப் பின்னால் கூரைமேல் நிற்கிறான். நானும் மாமாவின் மகனும் அந்த ஒரு தாளுக்காக எத்தனை கதை கட்டியிருப்போம்! கரண்ட் இல்லாத இரவுகளில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் ஆளுக்கொரு வழி சொல்லி அவனைக் கூரையில் ஏற்றினோம்.

பிறகுதான் விளங்கியது, தாள் கிழியாத புத்தகத்திலும் நடப்பது அதுதான் என்று. காமிக்ஸில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் வெள்ளையாக ஓர் இடைவெளி இருக்கும். அமெரிக்கக் காமிக்ஸ் கலைஞர் ஸ்கொட் மெக்ளவுட் 1993இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் உதாரணம் காட்டியிருப்பார். ஒரு கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நகரம், ஓர் அலறல். வெட்டு எங்கேயும் வரையப்படவில்லை. வெட்டியது வாசிக்கிற நாங்கள்தான் என்கிறார். எவ்வளவு ஓங்கி, எங்கே, எத்தனை தரம் என்று எல்லாவற்றையும் தீர்மானித்ததும் நாங்கள்தான்.

படத்தில் அந்த இடைவெளி இல்லை. நொடிக்கு 24 சட்டகம் ஓடும்போது கண்ணுக்கு நடுவில் எதுவும் அகப்படாது. ஆகவே காமிக்ஸில் வாசகர் செய்த வேலையைப் படத்தில் வேறு யாராவது செய்ய வேண்டும். யார், எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் நான் ஒவ்வொரு படத்திலும் தேடுவது.

இதை எனக்குச் சொல்லித் தந்தது சினிமா அல்ல, கூத்து. எனக்குப் பதின்மூன்று வயதில் எங்கள் ஊரில் அபிமன்யுவின் கதையை வடமோடிப் பாணிக் கூத்தாக ஆடினார்கள். மாதக்கணக்கில் பழகி, சதங்கை கட்டி, அரங்கேற்றம் வரைக்கும் போனது. எனக்கு வேடமில்லை. கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் மத்தளத்துக்குப் பின்னால் நின்று பிற்பாட்டுப் பாடியவர்களில் நானும் ஒருவன். வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளம், சுற்றிவரச் சனம். ஆட்டக்காரர் ஒரு பக்கத்துக்குப் பாடி, தாளத்துக்கு ஆடிக் கிறுகி, அடுத்த பக்கத்துக்கும் பாடுவார். விடியச் சாமம் அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் புகும்போது, களரியைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருந்த எங்கள் சனமே வியூகமாகிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம். வெளியே போக வழியில்லை. அவன் நடுவில் தனியாகச் சுழன்றுகொண்டிருந்தான். எனக்குப் பக்கத்திலிருந்த ஒரு பெத்தம்மா வாய்விட்டு அழுதது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து அதே கூத்தை ஒரு மண்டபத்து மேடையில் முக்கால் மணித்தியாலமாக ஆடினார்கள். கரப்புடுப்பு என்ற கூத்து உடை அதே. முடி அதே. பாட்டு, ஆட்டம், ஆட்டக்காரர்கூட அதே. ஆனால் சபை ஒரு பக்கத்தில் கதிரையில் இருந்தது. அபிமன்யுவுக்கு மூன்று பக்கமும் வெறும் திரைச்சீலை. வியூகம் இல்லை. அவன் நன்றாக ஆடிவிட்டு விழுந்தான், கைதட்டினார்கள். ஒருவரும் அழவில்லை.

மேடைக்குக் கொண்டுபோனதே பிழை என்று அன்றைக்கு நினைத்தேன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்த கதையை அறிந்த பிறகு அந்த நினைப்பு மாறியது. ‘இராவணேசன்’ போன்றவற்றில் அவரும் மௌனகுருவும் மற்றவர்களும் விடியவிடிய ஆடுவதை வெட்டிச் சுருக்கியதோடு நிற்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்கு எந்த ஆட்டம் பொருந்தும், வெளிச்சம் என்ன செய்யும், பாத்திரத்தின் மனப் போராட்டத்தை எங்கே நிறுத்திக் காட்டுவது என்று புதிதாக யோசித்தார்கள். கூத்து களரியில்தான் இருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இன்றைக்கும் மட்டக்களப்பில் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. என்னைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: வட்டத்தை எடுத்துவிட்டால் அதன் வேலையை எது செய்யப்போகிறது?

சரி, காமிக்ஸுக்கு வருவோம். மருமகன், உனக்காக ஒரு காட்சியைக் கிட்டவாகப் பார்ப்போம். 1966 பெப்ரவரி என்று திகதியிட்ட ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 33ஆம் இதழ். ஸ்டான் லீ எழுத்து, ஸ்டீவ் டிட்கோ ஓவியம். ஒரு பெரிய இரும்பு யந்திரத்துக்கு அடியில் பீற்றர், அதாவது ஸ்பைடர்மேன், சிக்கிக் கிடக்கிறான். மேலேயிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. சாகக் கிடக்கும் மே மாமிக்கான மருந்துக் குப்பி கை எட்டாத தூரத்தில் தரையில் இருக்கிறது. அவன் தூக்கப் பார்க்கிறான், முடியவில்லை. மாமியின் முகமும் செத்துப்போன பென் மாமாவின் முகமும் நினைவில் வருகின்றன. மறுபடி தூக்குகிறான். பக்கம் பக்கமாக இதுதான். டிட்கோ செய்ததைப் பார்: முதலில் கட்டங்கள் ஒடுக்கமாக, இரும்பு அவனை அமுக்குவதைப்போலவே பக்கமும் அவனை அமுக்குகிறது. அவன் தூக்கத் தூக்கக் கட்டம் பெருக்கிறது. கடைசியில் தாளைப் புரட்டினால் முழுப் பக்கமும் ஒரே படம், இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி எறிகிறான்.

அந்தப் பாரத்தை நாங்கள் எங்கே உணர்ந்தோம்? கட்டத்தின் அளவில், தாளைப் புரட்டிய எங்கள் விரலில். 2017இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ இதே காட்சியை எடுத்தது. மாமி இல்லை, மருந்தும் இல்லை. இடிந்த கட்டடத்துக்கு அடியில் பதினைந்து வயதுப் பையன். தானே தைத்த உடுப்பு. முதலில் உதவி கேட்டுக் கத்துகிறான், குரல் உடைகிறது, மூச்சு இரைக்கிறது. தண்ணீரில் தன் முகத்தில் பாதியும் அதில் கிடக்கும் முகமூடியில் பாதியும் சேர்ந்து தெரிகின்றன. பாதி பீற்றர், பாதி ஸ்பைடர்மேன் என்ற அந்த முகம் டிட்கோ அடிக்கடி வரைந்தது. பிறகு தன்னைத்தானே பெயர் சொல்லி எழுப்பித் தூக்குகிறான். கட்டம் பெருப்பதைப் படத்தால் செய்ய முடியாது. அதன் வேலையை ஒரு பையனின் குரல் செய்தது. மருமகள், இங்கே கதை மாறித்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெத்தம்மாவை இருத்திப் பார்க்கவைத்தால் இதற்கும் அழுதிருப்பார்.

அதற்கு எதிர்ப்பக்கம் 2003இல் ஆங் லீ எடுத்த ‘ஹல்க்’. திரையையே கட்டம் கட்டமாகப் பிரித்து, காமிக்ஸ் பக்கம்போலக் காட்டினார். நல்ல இயக்குநர், மனதார முயன்றிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் புத்தகத்தில் கட்டங்கள் அசையாமல் இருக்கும், கண்தான் நடக்கும். இங்கே கட்டங்கள் ஓடின, கண் திக்குமுக்காடியது. கரப்புடுப்பு வந்தது, வட்டம் வரவில்லை.

‘வாட்ச்மென்’ கொஞ்சம் சிக்கலானது, ஆறுதலாகப் பார்க்க வேண்டும். அலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 12 இதழ்கள், 1986-87. பெரும்பாலான பக்கங்களுக்கு அடிப்படை ஒன்பது கட்டம், மூன்று நிரை, மூன்று நிரல். மத்தளக்காரர் தாளக்கட்டை விடாமல் பிடிப்பதைப்போல அந்த ஒன்பதை விடாமல் பிடிப்பார்கள். அது உடைகிற இடத்தில் உங்களுக்குத் திக்கென்று இருக்கும். 5ஆம் இதழில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் என்று பக்க அமைப்பு கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றுக்கொன்று எதிரொலிக்கும். 4ஆம் இதழில் டொக்டர் மன்ஹட்டன் என்ற பாத்திரத்துக்கு நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அதைப் புத்தகம் காட்டுவது எவ்வளவு இலகு! மூன்று காலமும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கமாகக் கிடக்கின்றன. உங்கள் கண் அவனுடைய கண்ணாகிவிடுகிறது.

2009இல் சாக் ஸ்னைடர் பல காட்சிகளைக் கட்டத்தைப் பார்த்தே எடுத்தார். நிறம், நிற்கிற நிலை, மழைத்துளி வரைக்கும் கவனம். கட்டத்தின் அசையாமையைக் கொண்டுவர மெதுவோட்டத்தைப் பயன்படுத்தினார். ஆனால் மெதுவோட்டத்தில் எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். புத்தகத்தில் ஒரு கட்டத்தில் அரை மணித்தியாலம் இருக்கலாம், அரை நொடியில் தாண்டலாம். பத்து வருடம் கழித்து, 2019இல், டேமன் லிண்டெலோஃப் அதே பெயரில் ஒன்பது அத்தியாயத் தொலைக்காட்சித் தொடர் செய்தார். புத்தகத்தின் கதையைத் திருப்பிச் சொல்லவே இல்லை. 1921இல் அமெரிக்காவின் டல்சா நகரில் கறுப்பின மக்கள் மீது நடந்த படுகொலையிலிருந்து தொடங்கி, முகமூடி போடுகிறவன் ஏன் போடுகிறான் என்ற மூரின் கேள்வியை எடுத்துக்கொண்டு வேறெங்கோ போனார். வரிக்கு வரி எடுத்த படத்தைவிட இதுவே புத்தகத்துக்குக் கிட்ட நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தாளம் என்றதும் 2018இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்’ அனிமேஷன் படத்தைச் சொல்லாமல் விட முடியாது. மலிவு அச்சின் புள்ளிகள், நிறம் விலகி விழுந்த ஓரங்கள், ஒலிச்சொற்கள் எல்லாவற்றையும் திரைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் புகழ்வது அதைத்தான். நான் புகழ்வது வேறொன்றை. நொடிக்கு 24 சட்டகம் ஓடும்போது, ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம்தான் வரும், அசைவு கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும். இன்னும் பழகாத புது ஸ்பைடர்மேன் மைல்ஸை அப்படி 12இலும், அவனுக்குப் பழக்குகிற மூத்த பீற்றரை 24இலும் அசைத்தார்கள். இரண்டு பேரும் காட்டுக்குள் ஊஞ்சலாடும் காட்சியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒருவன் தாளத்தில் போகிறான், மற்றவன் தாளம் பிடிபடாமல் தடுமாறுகிறான். புதிதாகச் சதங்கை கட்டிய பெடியன் பழைய ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் ஆடுவது எப்படியிருக்குமோ அப்படியே இருக்கும். புத்தகத்தால் இது முடியாது.

புத்தகத்தால் முடியாத இன்னொன்று நடிகரின் உடம்பு. சூப்பர்மேன் கண்ணாடி போட்டுக்கொண்டு கிளார்க் என்ற சாதாரண ஆளாகத் திரிகிறவன். 1938இல் பிறந்த நாளிலிருந்து ஒரு கேள்வி அவனைத் துரத்துகிறது: கண்ணாடியைக் கழற்றினால் ஆளை அடையாளம் தெரியாதா? வரைந்த முகத்தில் இதற்குப் பதிலே கிடையாது. 1978இல் ரிச்சர்ட் டொனரின் படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் பதில் சொன்னார். காதலி லோயிஸின் வீட்டில் கிளார்க் நிற்கிறான். அவள் உள்ளே போகிறாள். இவன் கண்ணாடியைக் கழற்றுகிறான். கூனல் நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் இறங்குகிறது. அந்த ஓரிரு நொடியில் ஆள் ஒரு சாண் வளர்ந்துவிடுகிறான். உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறான், மனம் வரவில்லை, தோள் திரும்பச் சரிகிறது, கண்ணாடி மூக்கில் ஏறுகிறது. வெட்டில்லாமல் ஒரே ஓட்டத்தில் நடப்பதால்தான் அது அதிசயம். கூத்தில் வெள்ளைத் துணி விலகி வரவுத்தாளம் எழும்பும்போது, நேற்று வயலில் வரம்பு கட்டிய மனிதன் தருமராக நிற்பானே, அந்த அதிசயம்.

உடுப்பைப் பற்றியும் ஒரு சொல். 2000இல் ‘எக்ஸ்மென்’ எடுத்தபோது காமிக்ஸின் மஞ்சளையும் நீலத்தையும் விட்டுவிட்டு எல்லோருக்கும் கறுப்புத் தோல் மாட்டினார்கள். சனம் சிரித்துவிடுமோ என்ற பயம். எங்கள் ஊரில் கண்ணாடித் துண்டு பதித்த உடுப்போடு வீமன் வரும்போது யாராவது சிரித்தார்களா? ஆட்டம் சரியென்றால் உடுப்பை நம்புவார்கள். வுல்வரின் படத்தில் மஞ்சள் உடுப்புப் போட 2024 வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது.

மருமகள், கதையை மாற்றுவது பற்றி உன்னோடு ஓரிடத்தில் நான் முழுக்க உடன்படுகிறேன். ‘சிவில் வார்’. 2006-07இல் வந்த காமிக்ஸில் பிரச்சினை எளிமையானது: முகமூடி போட்டவர்கள் எல்லோரும் உண்மைப் பெயரை அரசாங்கத்திடம் பதிய வேண்டும் என்று சட்டம். பதியலாமா, கூடாதா என்பதற்காக நண்பர்கள் பிரிகிறார்கள். யுத்த காலத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையில் நடந்துபோய்த் திரும்ப ஏறிய ஆள் நான். ஒரு பட்டியலில் பெயர் ஏறுவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தப் புத்தகம் அமெரிக்கக் கதை என்பதையே மறந்து வாசித்தேன். 2016 படத்தில் அது இல்லை. படங்களில் அநேகமான நாயகர்களின் பெயர் ஏற்கெனவே ஊருக்கே தெரியும் என்பதால், அவர்கள் யாருக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற ஒப்பந்தமாக அது மாறி, கடைசியில் அயன்மேனின் தாய் தகப்பனைக் கொன்றவனைப் பற்றிய சண்டையாக முடிகிறது. படம் நல்ல படம், அந்தக் கடைசிச் சண்டை நெஞ்சில் அடிக்கிறது. ஆனாலும் எனக்கு வேண்டியது அதில் இல்லை.

மருமகன், உனக்கும் ஓரிடம். 1973இல் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121ஆம் இதழில் பீற்றரின் காதலி க்வென் ஸ்டேசி பாலத்திலிருந்து விழுகிறாள். ஸ்பைடர்மேனின் வலை அவள் காலைப் பிடிக்கிறது. அந்தக் கட்டத்தில் அவள் கழுத்துக்குப் பக்கத்தில் ‘ஸ்நாப்’ என்று சின்னதாக ஓர் ஒலிச்சொல். முதல் தரம் வாசிக்கும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடும். அவன் சந்தோசமாக அவளை மேலே இழுக்கிறான். செத்துவிட்டாள் என்று தெரிந்ததும் நீங்கள் பக்கத்தைத் திருப்பிப் பழைய கட்டத்துக்கு வருகிறீர்கள், அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கிறீர்கள். அவளைக் கொன்றது விழுகையா, பிடித்த வலையா? 2014 படம் அந்தச் சாவை ஒரு மணிக்கூட்டுக் கோபுரத்துக்குள் எடுத்தது. கவனமாகத்தான் எடுத்தார்கள், நடிப்பும் உண்மையாக இருந்தது. ஆனால் நாங்களே திரும்பிப் போய் நாங்களே கண்டுபிடித்த குற்றவுணர்வு அதில் எப்படி வரும்? ‘இனிப் புத்தகம் எதற்கு’ என்று கேட்டாயே, இதற்குத்தான்.

இன்னொன்று, படக்காரர்கள் பிறப்புக் கதையை ஏன் இவ்வளவு இழுக்கிறார்கள் என்று எனக்கு நெடுநாள் கோபம். 2002இல் பென் மாமா செத்தார், 2012இல் மறுபடி செத்தார். கிராண்ட் மொரிசனும் ஃபிராங்க் க்வைட்லியும் ‘ஆல் ஸ்டார் சூப்பர்மேன்’ கதையின் முதல் பக்கத்தில் சூப்பர்மேனின் பிறப்பை நாலே கட்டத்தில், எட்டே ஆங்கிலச் சொல்லில் முடித்துவிட்டார்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் வருடாவருடம் பாண்டவர் வனவாசம் போகிறார்கள், பாரதக் கதை நடந்து தீமிதிப்போடு முடிகிறது. பாண்டு யார், குந்தி யார் என்று யாரும் விளக்குவதில்லை. சனத்துக்குத் தெரியும். தெரிந்த கதையின் எந்த இடத்தில் இந்த வருடம் மனம் நிற்கப்போகிறது என்று பார்க்கத்தான் கல்முனைப் பக்கத்துச் சனமெல்லாம் அங்கே கூடுகிறது. 2017 படம் பென் மாமாவின் சாவைக் காட்டாமலே தொடங்கியபோது, அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கடைசித் தம்பிக்கு எதை முதலில் கொடுப்பது என்றால், ஸ்பைடர்வெர்ஸ் படத்தை முதலில் பார்க்க விடுங்கள், அது அவன் வயதுக்குத் திறந்த கதவு. 1978 சூப்பர்மேனையும் அவனோடு இருந்து பாருங்கள், பறக்கத் தொடங்க முக்கால் மணித்தியாலம் ஆகும், எழும்பி ஓடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் 33ஆம் இதழைப் பொறுத்தவரை கட்டாயம் புத்தகம் முதலில், ‘ஹோம்கமிங்’ பிறகு. யந்திரத்தைத் தூக்கும் பக்கத்துக்கு வரும்போது அவனிடமிருந்து புத்தகத்தை வாங்கி நீங்கள் புரட்டிக் காட்ட வேண்டாம். தாள் அவன் விரலில் இருக்கட்டும். மாயாவி இதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது, வருகிற சனிக்கிழமை களுவாஞ்சிக்குடிக்கு எடுத்து வருகிறேன். நடுத்தாள் இல்லை என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.